போலி டவரிடம் போன் ஏன் ஏமாறுகிறது?

2014 ஜனவரி 21. உக்ரைன் தலைநகர் கீவில் போலீசுக்கும் போராட்டக்காரர்களுக்கும் மோதல் நடந்துகொண்டிருந்த தெருப் பக்கம் நின்றவர்களின் போன்களுக்கு ஓர் எஸ்எம்எஸ் வந்தது: "அன்பான சந்தாதாரரே, நீங்கள் கலவரத்தில் பங்கேற்றவராகப் பதிவு செய்யப்பட்டுள்ளீர்கள்." போராட்டங்களை ஒடுக்கும் புதுச் சட்டங்கள் நாடாளுமன்றத்தில் நிறைவேறி ஒரு வாரம்கூட ஆகவில்லை. நாங்கள் அனுப்பவில்லை என்று செல்போன் நிறுவனங்கள் கைவிரித்தன. போலி டவர், அதாவது செல்போன் டவர் போல நடிக்கும் கருவியின் வேலையாக இருக்கலாம் என்றது அந்நிறுவனங்களில் ஒன்றான கீவ்ஸ்டார்.

அது சாத்தியம்தான். ஒவ்வொரு சிம்முக்குள்ளும் ஐஎம்எஸ்ஐ என்ற 15 இலக்க எண் இருக்கிறது. நெட்வொர்க்குக்கு நீங்கள் யார் என்று சொல்வது அதுதான். அதை அடிக்கடி காற்றில் அனுப்ப வேண்டாமென்று நிறுவனம் ஒரு தற்காலிக எண்ணைக் கொடுத்து வைக்கும். போலி டவர் அதே நிறுவனத்தின் பெயரில், பலமான சிக்னலோடு, வேறொரு பகுதி எண்ணை அறிவிக்கும். புது வட்டாரத்துக்கு வந்துவிட்டோம் போல என்று போன் பதிவு செய்யப் போகும். 'உன் தற்காலிக எண் எனக்குத் தெரியவில்லை, நிரந்தர எண்ணைச் சொல்' என்று டவர் கேட்கும். போன் சொல்லிவிடும். யாரோ வழியில் மறித்துக் கேட்டதும் ஆதார் அட்டையை எடுத்து நீட்டுவது மாதிரி.

ஏன் இத்தனை வெகுளித்தனம்? 2ஜியை 1980-களில் வடிவமைத்தவர்களின் கவலை, பிறர் கணக்கில் கள்ளத்தனமாகப் போன் பேசுபவர்களைப் பற்றியது. அதனால் நெட்வொர்க் போனைச் சோதிக்கும். போன் நெட்வொர்க்கைச் சோதிக்க வழியே வைக்கவில்லை. பேச்சை மறையாக்க (பிறருக்குப் புரியாதபடி மாற்ற) வேண்டாம் என்று டவர் சொன்னால்கூடப் போன் தலையாட்டும். 3ஜியிலும் 4ஜியிலும் இரு பக்கச் சோதனை வந்தது. ஆனால் அந்தச் சோதனைக்கு முன்பே எண்ணைக் கேட்டுவிடலாம். போனை 2ஜிக்கு இறக்கிவிடவும் செய்யலாம்.

ஓரிடத்தில் யார் யார் இருந்தார்கள் என்ற தகவலை நிறுவனத்திடமே கேட்டு வாங்க முடியாதா? முடியும். அதே ஜனவரி 10 அன்று கீவில் ஒரு நீதிமன்றத்துக்கு வெளியே நடந்த போராட்டத்தின்போது அங்கே எந்தெந்தப் போன்கள் இயங்கின என்று போலீசுக்குச் சொல்லும்படி கீவ்ஸ்டாருக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. அது சரியா தவறா என்பது இருக்கட்டும், அங்கே ஓர் உத்தரவாவது இருக்கிறது, எதிர்த்து வாதாடலாம். போலி டவருக்குத் தொழில்நுட்ப ரீதியில் அதுவும் வேண்டாம். ஒட்டுக்கேட்பு உத்தரவு ஓர் ஆளைக் குறிக்கும். இதுவோ வட்டாரத்தில் இருக்கிற எல்லாரையும் அள்ளும். மாடியில் தூங்குபவர், பால் வாங்க வந்தவர் உட்பட.

சர்வதேசக் குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 17-ஆவது பிரிவு அந்தரங்கத்தையும் 21-ஆவது பிரிவு அமைதியாகக் கூடும் உரிமையையும் காக்கின்றன. என்னைக் கேட்டால் இரண்டாவதற்கே அடி பலம். யாருடைய பேச்சையும் கேட்க வேண்டியதில்லை. பட்டியல் ஒன்று இருக்கிறது என்று தெரிந்தாலே அடுத்த கூட்டத்துக்குப் போகப் பாதிப் பேர் யோசிப்பார்கள்.

அமெரிக்கப் போலீசார் 'ஸ்டிங்ரே' என்ற போலி டவர் கருவியை நெடுங்காலம் ரகசியமாகவே பயன்படுத்தினார்கள். வரி மோசடி வழக்கில் 2008-இல் கைதான ஒருவர் சிறையிலிருந்தே ஆவணங்களைத் துருவித்தான் விஷயம் வெளியே வந்தது. பொதுவாக வாரண்ட் வேண்டும் என்ற விதியை அந்நாட்டு நீதித்துறை அமைச்சகம் தன் அதிகாரிகளுக்கு 2015-இல்தான் கொண்டுவந்தது.

5ஜியில் நிரந்தர எண்ணை மறையாக்கி அனுப்ப வழி செய்திருக்கிறார்கள். நிறுவனம் அதை இயக்கி வைத்திருந்தால், போலி டவருக்குப் புரியாத எழுத்துக்குவியல்தான் கிடைக்கும். ஆண்ட்ராய்டு 12 முதல் பல போன்களில் 2ஜியை அணைக்கும் வசதியும் இருக்கிறது. செட்டிங்ஸில் சிம் பகுதிக்குள் தேடிப் பாருங்கள்.