சொல் விளக்கம்: ஹெல்மெட் – தலைக்கவசம்

ஹெல்மெட்டுக்குத் தமிழில் தலைக்கவசம் என்ற சொல் நன்றாக ஊன்றிவிட்டது. எழுத்தில் தயங்காமல் அதையே பயன்படுத்தலாம். பேச்சில் ஹெல்மெட் என்பதும் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆங்கிலத்துக்கு இச்சொல் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. ‘ஹெல்ம்’ என்றால் போர்வீரன் தலையில் அணிவது. ‘எட்’ சிறுமை காட்டும் விகுதி. ஹெல்ம் ஜெர்மானிய மொழிகளின் சொல். மூடுதல், மறைத்தல் என்பது அதன் வேர்ப்பொருள். நம் பழஞ்சொல்லிலும் இதே எண்ணம் உண்டு. பதிற்றுப்பத்து சேர மன்னனைச் ‘சான்றோர் மெய்ம்மறை’ என்கிறது. அங்கே சான்றோர் என்பது வீரர்கள். அவர்கள் மெய்யை மறைத்துக் காக்கும் கவசம் அவன். மெய்ம்மறை வழக்கொழிந்துபோக, வடமொழியிலிருந்து வந்த கவசம் நிலைத்தது.

கவசம் என்றதும் வாளைத் தடுக்கும் இரும்புதான் மனதில் வரும். விளையாட்டுத் தலைக்கவசத்தின் வேலை வேறு. வெளி ஓடு கூரிய பொருள் உள்ளே இறங்காமல் தடுத்து, அடியின் விசையைப் பரப்பிவிடுகிறது. ஆனால் மூளையைக் காப்பதில் பெரும்பங்கு உள்ளே இருக்கும் மென்மையான அடுக்குக்குத்தான்.

ஒரு சின்னக் கணக்கு. 1.5 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலை, தரையைத் தொடும்போது வினாடிக்குச் சுமார் 5.4 மீட்டர் வேகத்தில் இருக்கும். அந்த வேகம் முழுவதும் அழிந்தாக வேண்டும். 2 மில்லிமீட்டருக்குள் நின்றால், வேகம் குறையும் வீதம் சராசரியாகப் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 750 மடங்கு. 2 சென்டிமீட்டர் கிடைத்தால் 75 மடங்குதான். வேகமாக வரும் பந்தைக் கையைப் பின்னுக்கு இழுத்தபடி பிடிக்கிறோமே, அதே தத்துவம். இ.என். 1078 என்ற ஐரோப்பிய சைக்கிள் தலைக்கவசத் தரவிதியும் தட்டையான பரப்பில் இதே வேகத்தில் மோதவிட்டுத்தான் சோதிக்கிறது. உள்ளே வைத்த மாதிரித் தலையில் உச்ச அளவு 250 மடங்கைத் தாண்டக் கூடாது.

அந்த இரண்டு சென்டிமீட்டரைத் தருவது சைக்கிள் தலைக்கவசத்தில் பெரும்பாலும் தெர்மாகோல் வகை நுரைதான். அதன் நுண்ணறைகள் நசுங்கும்போது மோதலின் ஆற்றல் அங்கேயே செலவாகிவிடுகிறது. நசுங்கியது பழையபடி எழும்பாது. அதனால் ஒருமுறை பலமாக அடிபட்ட சைக்கிள் தலைக்கவசத்தை, வெளியே கீறல்கூடத் தெரியாவிட்டாலும், தயவுசெய்து மாற்றிவிடுங்கள். அமெரிக்கக் கால்பந்தில் ஒரே ஆட்டத்தில் பல அடிகள் விழும். அங்கே மீண்டும் விரியும் திண்டுகளை வைக்கிறார்கள்.

சரி, மண்டையோடு தப்பினால் மூளையும் தப்புமா? அப்படிச் சொல்ல முடியாது. தலை சட்டென்று திரும்பினாலே மூளைத் திசு உள்ளுக்குள் முறுக்கி இழுபடும். மூளைக் காயத்துக்கு இந்தச் சுழற்சி முக்கியக் காரணம் என்று ஆக்ஸ்ஃபோர்டு இயற்பியலாளர் ஹோல்போர்ன் 1943-லேயே எழுதினார். சாய்வாக விழும் அடிதான் தலையை அதிகம் திருப்பும். அதற்காகச் சில தலைக்கவசங்களில் தலைக்கும் நுரைக்கும் நடுவே வழுக்கு அடுக்கு ஒன்று வைக்கிறார்கள். அடிபட்ட நொடியில் கவசம் தலைமேல் 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை நழுவி, சுழற்சியில் ஒரு பகுதியைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது.