மேல் ஏரியை விட்டுவிட்டுக் கீழ் ஏரியில் வலை போடாதீர்கள்

போன கோடையில் தண்ணீர் வற்றியபோது, ஊரே கூடி ஆப்பிரிக்கன் கெளுத்தியை அள்ளிப் புதைத்த ஏரி அது. சென்ற வாரம் அங்கே போட்ட வலையில் முதலில் ஏறியதும் அதே கெளுத்திதான், முழங்கை நீளத்துக்கு. "எல்லாத்தையும் எடுத்துட்டோமே சார்" என்று குத்தகைக்காரர் கேட்டபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் மேல் அல்ல. அரை கிலோமீட்டர் மேலே, வரத்து வாய்க்கால் ஓரத்துப் பண்ணைக்குட்டையில் ஒருவர் அதையே வளர்த்துக்கொண்டிருக்கிறார். 2000-லேயே மத்திய அரசு தடை செய்த மீன்!

"என் குட்டைக்குக் கரை உயரம், எப்படி வெளியே போகும்?" என்பார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இது கெண்டை அல்ல. வெளிக்காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு இதற்கு உண்டு. மழை இரவில், ஈரத் தரையில், பக்கத் துடுப்பின் முள்ளை ஊன்றி நகர்ந்து போகும். அதுகூட வேண்டாம், கரை ஒரு முறை வழிந்தால் போதும். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள ஆறுகளில் அரபைமா என்ற தென் அமெரிக்க ராட்சத மீன் பிடிபட்டதே, அதுவும் யாரோ வளர்த்த மீன்தான்.

புதுத் தண்ணீர் வந்ததும் கெளுத்தி எதிர்நீச்சல் போட்டு, புல் மூழ்கிய மேட்டுப்பகுதிக்குப் போய் முட்டையிடும். ஒரு தாய்மீனிடம் பல்லாயிரம் முட்டைகள். நம் ஏரிகளோ சங்கிலி மாதிரி; ஒன்றின் மறுகால், அதாவது உபரி நீர் வெளியேறும் வாய்க்கால், அடுத்ததன் வரத்து. குஞ்சுகள், ஏரி நிரம்பி வழிகிற கலங்கலைத் தாண்டி இறங்கிவிடும், அப்புறம் நம் கெண்டைக் குஞ்சும் தவளையும் அதன் வாய்க்குள்.

அதனால் மேலேயிருந்து தொடங்குங்கள். குட்டைகளை முதலில் காலி செய்யுங்கள், பிறகு மேல் ஏரி, கடைசியாகக் கீழ் ஏரி. எல்லாம் ஒரே கோடையில். வற்றிய ஏரியின் சேற்றுப் பள்ளங்களைத் தோண்டிப் பாருங்கள், அங்கேதான் மிச்சம் பதுங்கியிருக்கும். வரத்திலும் மறுகாலிலும் சிறுகண் வலை கட்டுங்கள். விஷம் மட்டும் கலக்காதீர்கள், ஆடு மாடு குடிக்கிற தண்ணீர். பிடித்ததைப் பாவம் பார்த்துக் கோயில் குளத்தில் விடாதீர்கள். நாட்டுக் கெளுத்தியோ என்று சந்தேகம் வந்தால் மீன்வளத் துறையில் காட்டிக் கேளுங்கள்.

வளர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புரட்டாசியில் மீன் விற்காது என்று குட்டையிலேயே விட்டுவைக்கிறீர்கள், ஐப்பசி மழை அதை அள்ளிக்கொண்டு போகிறது. தயவுசெய்து ஆவணிக்குள் குட்டையை வடித்துவிடுங்கள். அடுத்த முறை ரோகு, கட்லா விடுங்கள். குஞ்சு வாங்க நானே கூட வருகிறேன்.