ஆச்சி வைத்த முருங்கைக்கீரைச் சூப்

"ரத்தம் மெலியறதுக்கு மாத்திரை குடுக்கீயளே, பிள்ளை ஏற்கெனவே நோஞ்சானால்லா இருக்கான்" என்று ஓர் ஆச்சி கேட்டபோது சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

நாங்குநேரிப் பக்கமிருந்து வந்த குடும்பம். பையனுக்கு நாலு வயது. காய்ச்சலோடு ரத்தக்குழாய்களைப் புண்ணாக்கும் கவாசாகி நோய் வந்து, இதயத்துக்கே ரத்தம் கொடுக்கிற கரோனரிக் குழாய் ஒன்று 8 மில்லிமீட்டருக்கு மேல் வீங்கியிருந்தது. அந்த வயதில் அது 2 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்க வேண்டும். அங்கே ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினோடு வார்ஃபரின் மாத்திரையும் கொடுத்து வந்தோம். வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை அடிக்கடி பார்க்க வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு அது 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் ரத்தம் கட்டும், கூடினால் கசியும். மாதக்கணக்கில் ஒழுங்காக இருந்த பையனுக்குத் திடீரென்று 1.3.

மாத்திரை ஒரு நாளும் விடவில்லை என்றார் அம்மா. அட்டையை வாங்கி எண்ணினேன், கணக்கு சரி. சாப்பாட்டை விசாரித்தபோதுதான் ஆச்சி வாயைத் திறந்தார். மூன்று வாரமாகத் தினமும் முருங்கைக்கீரைச் சூப். "ரத்தம் ஊறட்டும்னுதான் குடுத்தேன்."

முருங்கைக்கீரையில் வைட்டமின் கே நிறைய. அந்த வைட்டமினை வைத்துத்தான் கல்லீரல் ரத்தம் உறைவதற்கான புரதங்களைச் செய்கிறது. அதை மறிப்பதுதான் வார்ஃபரினின் வேலை. நாங்கள் ஒரு கையால் மறிக்க, ஆச்சி மறு கையால் திறந்துவிட்டிருக்கிறார். தப்பு அவர்மேல் இல்லை, நாங்கள் சொன்ன சொல்லில் இருக்கிறது. 'ரத்தம் மெலிதல்' என்றால் சோகை என்றுதானே எந்த ஆச்சிக்கும் தோன்றும்?

இப்போதெல்லாம் தயிரைச் சொல்லித்தான் விளக்குகிறேன். பாலில் தண்ணீர் ஊற்றினால் நீர்த்துப்போகும். உறைமோர் ஊற்றாவிட்டால் பால் அப்படியே இருக்கும், தயிராகாது. இந்த மருந்து இரண்டாவது வகை. ரத்தம் குறையாது, உறைவதுதான் தள்ளிப்போகும்.

ஏன் உறைகிறது என்பதற்குத் தாமிரபரணியே போதும். குறுகலில் பாய்ந்து வரும் தண்ணீர் கசத்தில் வந்ததும் சுற்றிச்சுற்றி நிற்கும், வண்டல் அங்கேதான் படியும். வீங்கிய குழாயும் ஒரு கசம்தான். நோய் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் வேறு எகிறிவிடும். முதல் மூன்று மாதம்தான் மிக ஆபத்தான காலம். ஆனால் அப்போது காய்ச்சல் போய், பிள்ளை தெருவில் ஓடிக்கொண்டிருக்கும். இனி எதற்கு மாத்திரை என்று வீட்டில் நிறுத்துவதும் அப்போதுதான்.

எல்லாப் பிள்ளைக்கும் வார்ஃபரின் தேவைப்படாது. ஐந்து நாளாவது விடாத காய்ச்சல், பீளையில்லாமல் சிவந்த கண், வெடித்த உதடு, ஸ்ட்ராபெர்ரிப் பழம்போலச் சிவந்த நாக்கு, வீங்கிய கைகால் என்று அறிகுறிகளைப் பிடித்து, பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புரத மருந்தை நரம்பில் ஏற்றிவிட்டால் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குழாய் வீங்காது. ஆறேழு வாரம் குறைந்த அளவு ஆஸ்பிரின், எக்கோ என்ற இதய ஸ்கேனில் எல்லாம் சரியென்றால் நிறுத்திவிடலாம். பெரிய வீக்கம் இருப்பவர்களுக்குத்தான் இரண்டு மருந்தும், அதுவும் வருஷக்கணக்கில். கைக்குழந்தைக்கு வார்ஃபரின் அளவைப் பிடிப்பது கஷ்டம், அதனால் ரத்தம் உறையாமல் தடுக்கும் எனாக்சபரின் ஊசியைத் தோலுக்கடியில் போடுவோம்.

சரி, கீரையே கூடாதா? கூட்டாஞ்சோற்றில் முருங்கைக்கீரை போடாவிட்டால் அது என்ன கூட்டாஞ்சோறு! கீரை சாப்பிடலாம், வாரத்துக்கு வாரம் ஒரே அளவாக. அதற்குத் தகுந்தபடி மருந்தை நாங்கள் வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் கீரை, ஒரு மாதம் பத்தியம் என்பதுதான் ஆகாது.

கீரையைவிட எனக்குப் பயம் மெடிக்கல் ஷாப் சிரப்தான். காய்ச்சலுக்குக் கேட்டால் பாரசிட்டமாலோடு ஐபுப்ரோஃபென் கலந்த பாட்டிலும் கைக்கு வரும். ஐபுப்ரோஃபென் ஆஸ்பிரினின் வேலையைக் கெடுக்கும், ரத்தக்கசிவையும் கூட்டும். லேபிளைப் படித்து, பாரசிட்டமால் மட்டும் உள்ளதை வாங்குங்கள். ஆன்டிபயாடிக் சிலவும் ஐ.என்.ஆரை ஏற்றிவிடும். எதற்காகக் கொடுத்தாலும் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு கவலை. டெங்குவில் தட்டணு குறையும், அப்போது ஆஸ்பிரின் ஆபத்து. இன்ஃப்ளுயன்சாவோ சின்னம்மையோ வந்திருக்கும்போது ஆஸ்பிரின் கொடுத்தால் அபூர்வமாகக் கல்லீரலும் மூளையும் பாதிக்கப்படலாம். அதனால்தான் வருஷா வருஷம் ஃப்ளூ தடுப்பூசி போடச் சொல்கிறோம். பக்கத்து வீட்டில் அம்மை போட்டிருந்தால்கூடச் சொல்லுங்கள். ஆனால் காய்ச்சல் என்றதும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம். அன்றைக்கே வாருங்கள்.

பாறையிலோ படித்துறையிலோ வழுக்கித் தலையில் அடிபட்டால், பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். கறுப்பாக மலம் போனாலும் அப்படித்தான். சின்னப் பிள்ளைக்கு நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. காரணமில்லாமல் வீறிட்டு அழுது, வெளிறி, வேர்த்து, வாந்தி எடுத்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அந்தப் பையனுக்கு இரண்டு வாரத்தில் ஐ.என்.ஆர். 2.3-க்கு வந்துவிட்டது. ஆச்சி காலண்டரில் வெள்ளிக்கிழமைகளை மட்டும் வட்டம் போட்டுக் கொண்டுவந்து காட்டினார். கீரை நாளாம்.