கடைசிச் சொட்டு பாட்டிலின் கழுத்தில் வழியாமல் இருக்க

நன்னாரி சர்பத் ஊற்றிவிட்டு பாட்டிலை நிமிர்த்தும் அந்த நொடியைக் கவனியுங்கள். விழுந்துகொண்டிருந்த தாரை மெலியும். மெலிந்ததும் டம்ளருக்குள் விழாமல், பாட்டில் வாயின் அடிப்பக்கமாக வளைந்து, மூடி திருகும் மரைக்குள் இறங்கும். மறுநாள் மூடி பிசின் போல ஒட்டிக்கொள்ளும், எறும்பு வரிசை கட்டும். அப்படியே விட்டால் மரையின் இடுக்கில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். அடுத்த முறை வழியும் சர்பத் அந்தப் பூஞ்சையைத் தொட்டுக்கொண்டு டம்ளரிலும் சொட்டும். மேசை விரிப்பு கறைபடுவதோடு முடிகிற விஷயமில்லை இது.

ஊற்றுகிற கையின் மேல் பழி போட வேண்டாம். குற்றம் விளிம்பில் இருக்கிறது. மார்கஸ் ரைனர் என்ற அறிவியலாளர் 1956இல் இதற்குத் 'தேநீர்க் குடுவை விளைவு' என்று பெயர் வைத்தார். விளிம்பில் திரும்பும் நீரை வெளிக்காற்றின் அழுத்தமே பாத்திரத்தோடு சேர்த்து அழுத்துகிறது என்று அடுத்த ஆண்டு அமெரிக்கக் கணிதவியலாளர் ஜோசப் கெல்லர் விளக்கினார். இதோடு, கண்ணாடியில் நீர் நன்றாக ஒட்டும் குணமும் சேர்ந்துகொள்கிறது. வேகமாக ஊற்றினால் நீர் விளிம்பை விட்டுத் தாவிவிடும். வேகம் குறைந்தால், உருண்டையான விளிம்பைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கும். அதனால்தான் ஊற்றத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் மட்டும் ஒழுகுகிறது.

விளிம்பு மெலிந்து கூராக இருந்தால் நீரால் அவ்வளவு குறுகிய வளைவில் திரும்ப முடியாது. அங்கேயே அறுந்து விழும். குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையின் மூக்கு குறுகி நீண்டிருப்பதும் சொட்டைச் சரியான இடத்தில் விழவைக்கத்தான். அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் பெர்ல்மன் 2017இல் வேறு வழி காட்டினார்: பாட்டில் வாய்க்குச் சற்றுக் கீழே 2 மி.மீ. அகலம், 1 மி.மீ. ஆழத்தில் சுற்றிலும் ஒரு பள்ளம். வழியும் சொட்டு அந்தப் பள்ளத்தைத் தாண்ட முடியாமல் விழுந்துவிடும். அருமையான யோசனைதான், ஆனால் அது பாட்டில் செய்யும் ஆலைக்கு உரியது. வீட்டிலும் சிறு கடையிலும் செய்துகொள்ளக்கூடியது, பாட்டில் கழுத்தில் சுருட்டிச் செருகும் மெல்லிய பிளாஸ்டிக் வட்டத் தகடு; அதன் மெலிந்த ஓரமே கூரான விளிம்பாகிவிடும்.

உணவுக்கு உகந்த பாலியெஸ்டர் ஷீட், 100 மைக்ரான் (0.1 மி.மீ.) தடிமனில் வேண்டும். 50 மைக்ரானுக்குக் கீழே போனால் தாரையின் எடையில் நுனி மடங்கும். 200ஐத் தாண்டினால் சுருட்டும்போதே மடிப்பு விழும், விளிம்பும் தடித்துவிடும். அளவு, 75 மி.மீ. விட்டமுள்ள வட்டம். வழக்கமான பிளாஸ்டிக் பாட்டில் கழுத்தின் உள்விட்டம் சுமார் 21.7 மி.மீ.; உள்சுற்றளவு 68 மி.மீ. ஆகவே சுருட்டிச் செருகினால் வாய்ப்பக்கம் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று 7 மி.மீ. வரை படியும். விட்டத்தை 70க்குக் குறைத்தால் அந்தப் படிவு 2 மி.மீ.க்குள் சுருங்கி, சற்று விலகினாலும் இடைவெளி வழியே சர்பத் கழுத்துக்கு வந்துவிடும்.

ஷீட்டின் மேல் வட்டம் போடக் காம்பஸ் எடுக்காதீர்கள். அதன் ஊசி குத்தும் நடுப்புள்ளி, ஊற்றும்போது தாரை ஓடும் கோட்டிலேயே வரும். அந்தத் துளை வழியாகக் கசியும். வெள்ளைத் தாளில் வட்டம் வரைந்து ஷீட்டின் அடியில் வைத்தால் கோடு தெரியும், மையும் படாது. கத்தரியை அசைக்காமல் ஷீட்டைத் திருப்பித் திருப்பி ஒரே வெட்டாக வெட்டுங்கள். வெட்டு தொடங்கி முடிந்த இடத்தில் நகத்தால் தடவினால் சிறு பிசிறு தட்டுப்படும். அந்த இடம் ஓரங்கள் சேரும் பக்கம் வரும்படி சுருட்ட வேண்டும். ஊற்றும் நுனியில் பிசிறு இருந்தால் சொட்டு அதைப் பிடித்துக்கொண்டு தொங்கும்.

சுருட்டியதைக் கழுத்தில் 4.5 செ.மீ. இறக்கி, 3 செ.மீ. வெளியே விடுங்கள். கையை எடுத்ததும் அது தானே விரிந்து சுவரோடு ஒட்டும். ஓரம் சேருமிடம் மேலேயும் அதற்கு நேர் எதிரே நீண்டிருக்கும் நுனி கீழேயும் வரும்படி பிடித்து ஊற்ற வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான்: சேருமிடம் கீழே வந்தால் தகடு இருந்தும் ஒழுகும். நிமிர்த்தும்போது நுனியில் நிற்கும் சொட்டு தகட்டின் சரிவிலேயே உள்ளே திரும்பும்.

பொருள் தேர்வில்தான் ஆபத்து அதிகம். பழைய எக்ஸ்ரே படம் பார்க்கப் பொருத்தமாகத் தெரியும். அதன் மேல் வெள்ளி கலந்த பூச்சு இருக்கிறது. ஓஹெச்பி ஷீட்டில் (திரையில் பாடம் காட்டப் பயன்படும் ஒளிபுகும் ஷீட்) மை பிடிப்பதற்கான பூச்சு, லேமினேஷன் உறையில் பசை. அச்சடித்த சிப்ஸ் பாக்கெட்டும் கூடாது. சமையலறை அலுமினியத் தாளுக்கு விரியும் விசையே கிடையாது. வாங்கும்போது உணவுத் தொடர்புக்கான ஐஎஸ் 12252 என்ற இந்தியத் தரத்துக்கு உட்பட்டதா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

பாலியெஸ்டர் 70 டிகிரி செல்சியஸை நெருங்கினாலே இளகத் தொடங்கும். காபி, கஷாயம், காய்ந்த எண்ணெய் எதற்கும் இது ஆகாது. கொதிநீரில் போட்டும் கழுவக்கூடாது. ஊற்றி முடித்ததும் எடுத்து, சோப்பும் குளிர்ந்த நீரும் விட்டு அலசி, விரித்துக் காயவையுங்கள். ரோஸ்மில்க் போலப் பால் சேர்ந்ததென்றால் உடனே, ஏனென்றால் ஓரம் படியும் இடத்தில் பால் தங்கிக் கெடும். தகட்டை உள்ளே விட்டுவிட்டு மூடி போடுவதும், அதோடு பாட்டிலை வாயில் வைத்துக் குடிப்பதும் வேண்டாம். நிறமில்லாத தகடு டம்ளருக்குள் நழுவினால் குழந்தையின் கண்ணுக்குத் தெரியாது, தொண்டையில் சிக்கும். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நிறமுள்ள உணவுத்தர ஷீட்டாகவே வாங்குங்கள். மடிப்போ வெண்கோடோ விழுந்துவிட்டால் அந்தத் தகட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வெட்டிக்கொள்ளுங்கள்.