படிக்கட்டில் நின்று கடல் தண்ணீர் எடுக்காதீர்கள்

போன வாரம் ஒரு மீன் கணக்கெடுப்புக் குழு எங்கள் ஆய்வகத்துக்கு அனுப்பிய 12 பாட்டில் கடல் தண்ணீரில் எவற்றின் டி.என்.ஏ. இருக்கிறது என்ற முடிவைத் திறந்தேன். முதலிடத்தில் வஞ்சிரம், அடுத்து ரோகு, கொஞ்சம் கீழே கோழி. ரோகு ஆற்றிலும் குளத்திலும் வளர்கிற மீன், கடலில் அதற்கு என்ன வேலை? எங்கே மொண்டீர்கள் என்று போன் போட்டுக் கேட்டேன். "மீன் இறக்குற இடத்துல ஒரு படிக்கட்டு இருக்கு மேடம், அங்கதான் இறங்க வசதி" என்றார் அந்தத் தம்பி. அந்தப் படிக்கட்டுக்கு மேலேதான் மீன் வெட்டுகிறார்கள். ஐஸ் உருகிய தண்ணீர், பலகை கழுவிய தண்ணீர் எல்லாம் அதே படி வழியாகத்தான் கடலுக்குள் வழிகிறது. இந்த வருடத்தில் இது நான்காவது தடவை.

மீன் உதிர்க்கும் சளியிலும் கழிவிலும் உள்ள டி.என்.ஏ.வைத் தண்ணீரிலிருந்து வடிகட்டிப் படிக்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த முடிவு எதைச் சொல்கிறது என்பதில்தான் திரும்பத் திரும்பச் சறுக்குகிறார்கள். பட்டியலில் பெயர் வந்துவிட்டால் அந்த மீன் அங்கே நீந்துகிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த மீன் நீந்திப் போயிருக்கலாம். வெட்டுப்பலகையில் கிடந்திருக்கலாம். தூண்டில் இரையாகப் படகில் வந்திருக்கலாம், கடற்பறவையின் எச்சத்தில் விழுந்திருக்கலாம், நேற்று ஊரில் யாரோ சாப்பிட்ட குழம்பு சாக்கடை வழியே வந்து சேர்ந்திருக்கலாம். உயிரோடு இருந்ததா, குஞ்சா, சினை மீனா, எதுவும் இதில் தெரியாது.

ஜப்பானின் மைசுரு விரிகுடாவில் 47 இடங்களில் தண்ணீர் எடுத்து, ஒரு பாரை வகை மீனின் டி.என்.ஏ. அளவை, தண்ணீருக்குள் ஒலி அனுப்பி மீன் இருப்பதைக் காட்டும் எதிரொலிக் கருவி கண்ட மீன் திரளோடு ஒப்பிட்டார்கள். மீன் சந்தைக்குப் பக்கத்தில் அளவு தாறுமாறாக ஏறியிருந்தது. அந்த இடங்களை ஒதுக்கிவைத்துப் பார்த்தபோதுதான் இரண்டும் ஒத்துப்போயின. அதே விரிகுடாவில் சுமார் ஆறு மணி நேரத்தில் சேகரித்த தண்ணீரிலிருந்து 128 வகை மீன்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள். 14 ஆண்டுகள் முக்குளித்துப் பார்த்தும் கண்ணில் படாத உள்ளூர் மீன்கள் குறைந்தது 23 அதில் இருந்தன. இவ்வளவு நல்ல முறையை ஒரு படிக்கட்டு கெடுக்கிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

வருடாவருடம் மாற்றத்தைப் பார்க்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இந்த வருடம் ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில், அடுத்த வருடம் நடுக்கடலில் என்று எடுத்தால், வஞ்சிரம் அழிந்துவிட்டது என்று ஓர் அறிக்கை வரும். அங்கே மாறியது நீங்கள் நின்ற இடம்தான். பட்டியலில் ஒரு மீனின் டி.என்.ஏ. எண்ணிக்கை பெரிதாக இருந்தால் மீனும் அதிகம் என்று நினைப்பதும் தப்பு, படிப்பதற்காக ஆய்வகத்தில் டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கும்போதே அந்த விகிதம் புரண்டுவிடும். பெயர் வரவில்லை என்றால் மீன் இல்லை என்றும் எழுதிவிடாதீர்கள். நாங்கள் படிப்பது டி.என்.ஏ.வின் மிகச் சிறிய துண்டு, நெருங்கிய சூரை இனங்களைப் பல சமயம் அதை வைத்துப் பிரிக்க முடியாது, அதனால் ஒன்றின் பெயர் வராமலே போகலாம்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். துறைமுகம், சாக்கடை வாய், மீன் பண்ணை, மூன்றையும் விட்டுத் தள்ளிப் போய் எடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே பருவம், அதே ஆழம், அதே அளவு தண்ணீர். ஓதம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். வாளியைப் ப்ளீச்சில் கழுவி நன்றாக அலசுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் புதுக் கையுறை. பாட்டில் நேராக ஐஸ் பெட்டிக்குள் போக வேண்டும், வெயிலில் வைத்தால் டி.என்.ஏ. வேகமாகச் சிதையும். முடிந்தால் அன்றைக்கே வடிகட்டிவிடுங்கள். அப்புறம், சுத்தமான தண்ணீர் ஒரு பாட்டில் கொண்டுபோய் அதையும் அங்கேயே, அதே கருவியில் வடிகட்டி அனுப்புங்கள். வெற்று மாதிரி என்பது அதுதான். அதிலும் ரோகு வந்தால் தப்பு உங்கள் கையிலோ வாளியிலோ எங்கள் ஆய்வகத்திலோ இருக்கிறது என்று தெரிந்துவிடும். செலவு என்று அதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். அதை மட்டும் வெட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்தத் தம்பி அடுத்த வாரம் படகில் போய் மறுபடி எடுக்கிறார். மீன் அள்ளிய வாளியை எடுத்துப் போக வேண்டாம், புது வாளி வாங்குங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.