விரிசலை முன்கூட்டியே கட்டுவது

வியன்னாவின் வாடகை வீடுகளைப் பற்றி எங்கோ படித்த வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "நூறு வருடப் பழைய எரிவாயுக் கிடங்குக்குள் நூற்றுக்கணக்கான குடித்தனங்களை வைத்திருக்கிறார்களாமே, அந்தச் செங்கல் சுவர் எப்படித் தாங்குகிறது?" அது தாங்கவில்லை. தாங்கும்படி யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

வியன்னாவின் சிம்மரிங் பகுதியில் 1896 முதல் 1899 வரை கட்டிய நான்கு பெரிய செங்கல் உருளைகள் அவை. ஒவ்வொன்றும் சுமார் 70 மீட்டர் உயரம், 60 மீட்டர் விட்டம். நிலக்கரியிலிருந்து எடுத்த வாயு 90,000 கனமீட்டர் வரை ஒன்றினுள் நிற்கும். ஊரில் சாண எரிவாயுக் கலனைப் பார்த்தவர்களுக்கு மேலே விளக்க வேண்டாம்: அடியில் தண்ணீர், அதன்மேல் கவிழ்த்த இரும்புக் கொப்பரை, வாயு சேரச் சேரக் கொப்பரை எழும்பும். மேலே எழும்பிய செங்கல் சுவர் அந்தக் கொப்பரைக்குக் காற்றும் பனியும் படாமல் இருக்கப் போட்ட சட்டை, அவ்வளவுதான். 1978இல் பாரம்பரியச் சின்னமாகப் பாதுகாப்பு கிடைத்தது. 1984இல் கிடங்கு ஓய்வு பெற்றது. 1999 முதல் 2001 வரை நான்கு கட்டடக் கலைஞர் குழுக்கள் ஆளுக்கொன்றாக எடுத்து, கீழே கடைகள், நடுவில் அலுவலகங்கள், மேலே வீடுகள் என்று மாற்றின. வீடுகள் மட்டும் அறுநூறுக்கு மேல். அரசு மானியமும், லாப வரம்புக்குள் இயங்கும் வீட்டுவசதிச் சங்கங்களும் சேர்ந்துதான் அங்கே இப்படிப்பட்ட வேலைகள் நடக்கின்றன. கட்டிய செலவை ஒட்டியே வாடகை வாங்க வேண்டும் என்று அந்தச் சங்கங்களுக்குச் சட்டமே இருக்கிறது.

எனக்குப் பிடித்தது இரண்டாவது உருளை. கூப் ஹிம்மெல்பிளாவ் குழு அதற்குள் வீடுகளை அடுக்கியதோடு நிற்காமல், வெளியே கேடயம்போல இடுப்பில் மடங்கிய ஒரு புது அடுக்ககத்தையும் பக்கத்தில் நிறுத்தியது. நூறு வயதுக்காரருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைக் குழந்தை. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

ஈரக் களிமண்ணின்மேல் கட்டடம் எழுப்பினால் மண் உடனே அமுங்குவதில்லை. மண்துகள்களுக்கு இடையில் தண்ணீர் இருக்கிறது. தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது. ஆகவே புதுச் சுமையை முதல் நாளில் சுமப்பது மண் அன்று, அந்தத் தண்ணீர்தான்! பிறகு அது துளைகள் வழியே கசிந்து வெளியேறுகிறது. வெளியேற வெளியேறச் சுமை மெல்ல மெல்லத் துகள்களின் தோளுக்கு மாறுகிறது, கட்டடம் இறங்குகிறது. பனீர் செய்யும்போது திரிந்த பாலைத் துணியில் கட்டி மேலே அம்மிக்குழவியை வைப்போமே, அதேதான். குழவி ஒரே நொடியில் இறங்கிவிடாது. நீர் வடிய வடியத்தான் இறங்கும். களிமண்ணின் துளைகள் மிக நுண்ணியவை என்பதால் நமக்கு ஒரு மணி நேரம் ஆவது அதற்குப் பல வருடங்கள் ஆகும். களிமண் படலத்தின் தடிமன் இரண்டு மடங்கானால் காத்திருக்கும் காலம் நான்கு மடங்கு.

இந்தக் கணக்கைப் போட்டவர் கார்ல் டெர்சாகி. இஸ்தான்புல்லின் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, சுருட்டுப் பெட்டிகளில் தொடங்கிக் கைக்கு எட்டிய சாமான்களால் மண்ணை அமுக்கிப் பார்த்தவர். அவர் நூல் 1925இல் வெளிவந்தது, வியன்னாவிலேயே. இன்று ஒரு மண் ஆய்வுத் திட்டத்துக்குப் பணம் கேட்டால் "உடனடிப் பயன் என்ன?" என்ற கட்டம்தான் படிவத்தில் முதலில் வருகிறது. அதில் சுருட்டுப் பெட்டி என்று எழுத முடியாது.

பழைய கட்டடம் தன் பங்குக்கு எப்போதோ இறங்கி முடித்திருக்கும். புதியது இனிமேல்தான் இறங்கப் போகிறது. இரண்டையும் சாந்து வைத்து இறுக்கிப் பிணைத்தால் புதியது பழையதைப் பிடித்துக் கீழே இழுக்கும், செங்கல் கிழியும். ஆகவே புதியதற்குத் தனிக்கால், தனி அஸ்திவாரம், நடுவில் வேண்டுமென்றே விட்ட இடைவெளி. அதுவும் போதாது. புதிய சுமை நேர்க்கீழே மட்டும் இறங்காமல் மண்ணுக்குள் விசிறிபோல விரிந்து பக்கத்து வீட்டின் அடிமண்ணையும் அமுக்கும். அப்போது பழைய சுவர் புதியதிலிருந்து விலகிச் சாயும் என்றுதான் நினைப்போம். நடப்பது தலைகீழ்: புதியதை நோக்கித்தான் சாயும், அந்தப் பக்கத்து மண்தானே அதிகம் அமுங்குகிறது! அதற்காகத்தான் இளகிய மண்ணைத் தாண்டி ஆழத்தில் கெட்டியான அடுக்கு வரை பைல் எனும் நீளத் தூண்களை இறக்கிச் சுமையை அங்கே ஒப்படைக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் பின்கட்டை ஒட்டி ஓர் அறை எடுத்தபோது சேருமிடத்தில் மேலிருந்து கீழாக நேர்கோடாய் விரிசல் விட்டது. கொத்தனார் பூசினார். மழைக்காலம் முடிந்ததும் அதே இடத்தில் மறுபடி விட்டது. மூலையில் குற்றம் என்று சொல்லி ஒருவர் எலுமிச்சம்பழத்துக்கும் செப்புத் தகட்டுக்கும் பணம் வாங்கிப்போனார். அந்தப் பணத்தில் மண் பரிசோதனையே செய்திருக்கலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். "விரிசல் உனக்கு முன்னால் வந்தது, நீ பின்னால் வந்து பேசுகிறாய்" என்றார். கோணலாக, படிப்படியாகக் கல்லைத் தாண்டி ஓடும் விரிசல் என்றால் பயப்பட வேண்டும். சேருமிடத்தில் நேராக விடுவது, நாம் விடாத இடைவெளியைக் கட்டடம் தானே எடுத்துக்கொள்வது.

பெரிய மருத்துவமனைகளில் பழைய பிளாக்கிலிருந்து புதிய பிளாக்குக்குத் தள்ளுவண்டி போகும்போது ஓரிடத்தில் மட்டும் 'டடக்' என்று சத்தம் வரும். குனிந்து பாருங்கள், தரையின் குறுக்கே ஓர் அலுமினியப் பட்டை ஓடும். அதை ஒருபக்கம் மட்டும்தான் திருகியிருப்பார்கள்.