கேம் (CAM) மென்பொருளுக்குக் காசு கொடுக்கும் முன்

பழைய லேத்தில் மோட்டாரும் டிரைவும் மாட்டி சிஎன்சி (கணினிக் கட்டளையில் இயங்கும் மெஷின்) ஆக்கியவர்கள் என்னிடம் கேட்பது: "விலை குறைவா எந்த கேம் மென்பொருள் சார் நல்லது?" (பாகத்தின் வரைபடத்திலிருந்து டூல் போகும் பாதையை உருவாக்குவதே கேம்.) நான் திருப்பிக் கேட்பேன்: "உங்கள் கன்ட்ரோலர் எது?"

கட்டளைகளைப் படித்து மெஷினை ஓட்டும் மூளைதான் கன்ட்ரோலர். திரையில் தெரியும் அழகான டூல்பாத்தை (டூல் போகும் பாதையை) மெஷின் பார்ப்பதில்லை. அந்தப் பாதையை கன்ட்ரோலருக்கு ஏற்ற கட்டளைகளாக மாற்றும் போஸ்ட் பிராசசர் எழுதும் ஜி-கோடைத்தான் படிக்கிறது. மரை வெட்டும் ஜி76 கட்டளை ஃபானுக் கன்ட்ரோலரில் ஒரு மாதிரி, லினக்ஸ்சிஎன்சியில் (கணினியில் ஓடும் இலவச கன்ட்ரோலர்) வேறு மாதிரி. எக்ஸ் (குறுக்கு அச்சு) மதிப்பு விட்டமா, ஆரமா என்பதும் அப்படித்தான். போஸ்ட் ஆரமாக எழுதி கன்ட்ரோலர் விட்டமாகப் படித்தால், 20 மி.மீ. விட்டம் கேட்ட இடத்தில் டூல் 10 மி.மீ. விட்டம் வரை பாய்ந்துவிடும்.

ஸ்பிண்டிலில் (பாகத்தைச் சுழற்றும் தண்டில்) சுழற்சியை அளக்கும் என்கோடர் இல்லையா? மரை வெட்டும்போது டூல் சுழற்சியோடு ஒத்துப்போக அது வேண்டும். மரை வெட்டும் வசதிக்குக் கூடுதல் காசு தராதீர்கள். சாதாரண ஜிஆர்பிஎல் (சிறு போர்டில் ஓடும் இலவச கன்ட்ரோலர்) போர்டுக்கு மரை வெட்டும் ஜி33, ஜி76 இரண்டுமே தெரியாது.

நான் முதலில் சோதிப்பது டூல் முனை ஆரம் (வெட்டும் முனையின் சிறு உருண்டை வளைவு). நேராகத் திருப்பும்போது இது தொல்லை தராது. சாய்விலும் வளைவிலும்தான் காலை வாரும். 0.4 மி.மீ. முனை ஆரத்தைக் கணக்கில் கொள்ளாத மென்பொருளில் 1 மி.மீ., 45 டிகிரி சேம்ஃபர் (விளிம்புச் சரிவு) போட்டால் கிடைப்பது சுமார் 0.77 மி.மீ. பேரிங் உட்காரும் மூலையில் இந்த வித்தியாசம் போதும், பேரிங் முழுதாக உட்காராது. ஆரத்தை மென்பொருளே சரிசெய்கிறதா, ஜி41, ஜி42 (ஆரத்தைச் சரிசெய்யும் கட்டளைகள்) போட்டு கன்ட்ரோலரிடம் விடுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து செய்தால் அதுவும் வம்புதான்.

இலவசம் என்றால் நிபந்தனையையும் படியுங்கள். ஃப்யூஷன் 360 என்ற மென்பொருளின் தனிநபர் உரிமத்தில் 2020-இல் ரேப்பிட் நகர்வை (வெட்டாமல் வேகமாக நகர்வதை) வெட்டும் வேகமான ஃபீடுக்கு இறக்கிவிட்டார்கள். பொழுதுபோக்குக்குப் பரவாயில்லை, ஒரே பாகத்தை அடுக்கடுக்காகச் செய்பவருக்குப் பொறுமை போய்விடும்.

சரி, கேம் கட்டாயம் வேண்டுமா? புஷ், பின், படிப்படியான ஷாஃப்ட் மட்டும் செய்பவருக்கு வேண்டாம் என்பேன். லினக்ஸ்சிஎன்சி 2.9-இல் ஜி71 கட்டளை இருக்கிறது. வடிவத்தின் வெளிக்கோட்டை மட்டும் எழுதினால் ரஃபிங் பாஸ்களை (முதல்கட்ட முரட்டு வெட்டுகளை) அதுவே பிரித்துக்கொள்ளும்.

வாங்கியே தீருவது என்றால், சோதனைப் பதிப்பில் ஒரு சேம்ஃபரும் ஒரு ஃபேசிங்கும் (முகப்பைத் தட்டையாக்குவது) போட்டு, வரும் ஜி-கோடை நோட்பேடில் திறந்து படியுங்கள். ஜி96 (வெட்டு வேகத்தை மாறாமல் வைக்கும் கட்டளை) இருக்கும் இடத்தில் அதிகபட்ச ஆர்பிஎம் வரம்பும் இருக்க வேண்டும். வரம்பு இல்லாமல் மையத்தை நோக்கி ஃபேசிங் போனால் ஸ்பிண்டில் வேகம் ஏறிக்கொண்டே போகும். பாகத்தைப் பிடிக்கும் உங்கள் சக் அதைத் தாங்காது.